வலது காலை இழுத்து நடக்கும் மூன்று பேர்

ஒரே மனிதனைப் பார்த்து மூன்று பேர் என்று எண்ண வேண்டுமானால் நன்றாகக் குடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கான்பெராவில் ஓர் உளவு அலுவலகத்தில் பதவி உயர்வு வாங்கியிருக்க வேண்டும். எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் மால்பாஸ் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கமாட்டார்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. பழைய காலத்து வைக்கிங் கொள்ளையர்கள் தங்கள் படகுகளுக்கு எப்படித் தார் பூசினார்கள் என்று எழுநூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர். அந்த எழுநூறு பக்கத்தையும் படித்த ஒரே ஆள் அதைத் தட்டச்சு செய்தவர்தான், அவரும் பிறகு வேலையை விட்டுவிட்டு ஆடு வளர்க்கப் போய்விட்டதாகக் கேள்வி. பாலித் தீவில் குண்டு வெடித்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேர் செத்த பிறகு, பயங்கரவாதத்தைத் தடுக்க ஆள் தேடி அரசாங்கம் அலைந்தது. கடல் வழியாக வந்து அட்டூழியம் செய்தவர்களைப் பற்றி ஆராய்ந்தவர் என்று யாரோ மால்பாஸைக் கைகாட்ட, அவரைத் தூக்கி எங்கள் தலையில் உட்காரவைத்தார்கள்.

அதுவரை எங்கள் பிரிவில் இருந்தது ஆறேழு பேரும் ஒரு தேநீர்க் கெண்டியும். பிறகு வந்து சேர்ந்த கூட்டத்துக்கு நாற்காலி போதாமல், இரண்டு ஆய்வாளர்கள் ஒரு வருடம் முழுக்க நகல் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்த்தார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், அந்த இயந்திரத்தின் மூடியில் இருக்கும் பள்ளத்தைப் போய்ப் பாருங்கள்.

இவ்வளவு பேருக்கும் வேலை வேண்டுமே. கிடைத்தவர் அஸ்மில்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் கட்டானிங் என்று ஓர் ஊர். கோதுமை, ஆடு, மறுபடியும் ஆடு. ஊருக்கு வெளியே பெரிய இறைச்சிக் கூடம். அதில் வேலை செய்ய, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் கோகோஸ் தீவுகளிலிருந்து மலாய்க் குடும்பங்கள் வந்து குடியேறி ஒரு தலைமுறைக்கு மேலாகிவிட்டது. அவர்களில் ஒருவர்தான் அஸ்மில் பின் சுக்டின். ஆடு அறுப்பவர். ஐந்து வேளைத் தொழுகை, சனிக்கிழமை கால்பந்து, வருடத்துக்கு ஒரு முறை சொந்தத் தீவுக்குப் பயணம். அந்த வருடம் அவருடைய இளைய மகள் லீனாவுக்குத் தீவில் நிக்காஹ் வைத்திருந்தார்கள். அவர்கள் வழக்கப்படி பெண்ணின் அப்பாதான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பெண்ணை ஒப்படைக்கும் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போது அந்தக் கையை வேறொருவர் பிடித்தால் ஊர் ஆயுசுக்கும் பேசும். தீவுக்கு வாரத்தில் இரண்டே விமானம். வியாழக்கிழமை விமானத்தைத் தவறவிட்டால் சனிக்கிழமைக் கல்யாணத்தில் அப்பா இல்லை.

அந்தத் தீவுக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மூத்த குழந்தை பிறந்ததும் ஒருவரின் சொந்தப் பெயர் ஓய்வு பெற்றுவிடும். அஸ்மிலுக்கு மூத்தவள் சுரியா பிறந்தாள், அன்றிலிருந்து அவர் பாக் சுரியா, அதாவது சுரியாவின் அப்பா. சுரியாவுக்கு டானில் பிறந்தான், உடனே அவர் நெக் டானில், டானிலின் தாத்தா. கூடப் படித்தவர்கள் அஸ்மில் என்பார்கள், கூட வேலை செய்பவர்கள் பாக் சுரியா என்பார்கள், சின்னவர்கள் நெக் டானில் என்பார்கள். ஊரில் யாருக்கும் குழப்பம் இல்லை. தபால்காரருக்குக்கூட இல்லை.

நாங்கள் தொலைபேசியை ஒட்டுக் கேட்டோம். குழப்பம் வந்தது.

"அஸ்மில் கத்தி தீட்ட ஆளனுப்பினார்," என்றது ஒரு பேச்சு. "பாக் சுரியா மதியத்துக்குள்ள நானூறு தலை முடிச்சுட்டார்," என்றது இன்னொன்று. "நெக் டானில் வந்தாதான் காரியம் நடக்கும்," என்றது மூன்றாவது. மால்பாஸ் இந்த மூன்றையும் பலகையில் ஒட்டி, நடுவில் சிவப்பு நூல் கட்டி, ஒரு அடி பின்னால் போய் நின்று ரசித்தார். புது மாப்பிள்ளை முகம்.

"மூணு பேர் கொண்ட குழு. ஒருத்தரோட ஒருத்தர் போன்ல பேசினதே இல்ல, கவனிச்சீங்களா? மூணு பேரையும் ஒரே இடத்துல யாரும் பார்த்ததும் இல்ல. என்ன ஒரு கட்டுப்பாடு."

"மூணும் ஒரே ஆளா இருக்கலாமே, டாக்டர்," என்றேன்.

"ஹெஸ்டர், அது ரொம்பச் சுலபமான விளக்கம்."

"சுலபமா இருந்தா தப்பா?"

"மூணு பேரைக் கண்காணிக்கன்னு சொல்லித்தான் ஆள் வாங்கியிருக்கேன். இப்ப ஒருத்தர்தான்னு சொன்னா மத்தவங்களைத் திருப்பிக் கேப்பாங்க."

இதற்கு மேல் அறிவார்ந்த வாதம் எதையும் அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதில்லை.

மூன்று சந்தேக நபர்கள், ஆகவே மூன்று கண்காணிப்புக் குழுக்கள். ஒரு குழு இருப்பது இன்னொரு குழுவுக்குத் தெரியக் கூடாது, அது எங்கள் தொழில் தர்மம். மூன்று குழுவும் தனித்தனியாக ஒரே செய்தியை அனுப்பின: நம்மாள் வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். மால்பாஸ் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மூன்று பேருக்கும் வலது கால் என்றால் மூன்று பேரும் ஒரே பயிற்சி முகாமில், ஒரே வெடிவிபத்தில் அடிபட்டவர்கள். வேறென்ன இருக்க முடியும்? 'காயம்பட்ட கடற்பறவையைப் போல் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கும் மூவர்' என்று கைப்பட எழுதி, நட்பு நாடுகளின் உளவு அலுவலகங்களுக்கு அறிக்கை அனுப்பினார்.

நட்பு நாடுகள் என்ன செய்யும்? எங்கள் பெயரை எடுத்துவிட்டு, 'நம்பகமான வட்டாரம்' என்று போட்டு, ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். கடைசியில் எங்களுக்கும் அனுப்பும். மூன்று நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தது. மூன்றிலும் கடற்பறவை.

"டாக்டர், இது நீங்க எழுதின வரி."

"அவங்களும் அதையே பார்த்திருக்காங்க, ஹெஸ்டர். அவ்வளவு தெளிவா இருக்கு விஷயம்."

தான் போட்ட கடுதாசி தனக்கே திரும்பி வந்ததும், ஊரே என்னைப் பாராட்டுகிறது என்று பூரித்துப்போன மனிதரை நான் கண்ணால் பார்த்தேன். இதற்கே என்னைச் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கச் சொல்லியிருந்தாலும் பார்த்திருப்பேன்.

அடுத்த வாரம் ஒட்டுக் கேட்டதில், 'நெக் டானில் லீனாவோட கல்யாணச் சட்டைக்கு மணி தைச்சிட்டிருக்கா' என்று வந்தது. தைச்சிட்டிருக்கா. மால்பாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்: "பெண் வேடத்திலும் நடமாடுகிறான்."

இதற்குள் கட்டானிங்கிலிருந்து புகார் வர ஆரம்பித்தது. தன்னை யாரோ பின்தொடர்வதாக ஒவ்வொரு குழுவும் எழுதியது. என்னவென்று பார்த்து வர என்னை அனுப்பினார்கள். ஊர்க் காவல் நிலையத்தில் சார்ஜென்ட் ஸ்ட்ராஹன் என்ற தடித்த மனிதர், லாமிங்டன் கேக்கைக் கடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கான்பெராவா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"பூட்ஸ்ல தூசி இல்ல. இந்தாங்க, உங்க பசங்களை ஒருத்தருக்கொருத்தர் அறிமுகப்படுத்தி வைங்க, புண்ணியமாப் போகும். மூணு வெள்ளைக் கார். மூணும் வாடகைக் கார். கடைக்காரன் மடிச்ச மடிப்பு கலையாத தொப்பி. முதல் கார்க்காரன் வந்து ரெண்டாவது கார் மேல புகார் குடுக்கறான். ரெண்டாவது மூணாவது மேல. மூணாவது ஆள் என் மேலயே குடுத்துட்டான்."

"அஸ்மில் எப்படிப்பட்டவர்?"

"எந்த அஸ்மில்? ஓ, பாக் சுரியாவா. போன தடவை வெள்ளம் வந்தப்ப என் மாமியாரைத் தோள்ல தூக்கிட்டு வந்தான். அது ஒண்ணுதான் அவன் மேல எனக்குக் குறை."

"காலுக்கு என்ன?"

"நீங்க உளவுத்துறை. போய்க் கேளுங்களேன்."

எங்கள் தொழிலில் யாருக்கும் வராத யோசனை அது. ஊருக்கே தெரிந்த விஷயத்தை எடுத்து, பூட்டு மேல் பூட்டுப் போட்டு, எங்களுக்கும் தெரியாமல் ஆக்கிவிடுவதில்தான் எங்கள் திறமையெல்லாம். நான் நேராகப் போய்க் கதவைத் தட்டினேன். மடியில் மணி கோத்த துணியோடு ஒரு பெண்மணி திறந்தார்.

"நீங்க?"

"நெக் டானில்."

"அப்ப உங்க வீட்டுக்காரர்?"

"அவரும் நெக் டானில்தான். பேரன் ரெண்டு பேருக்கும் பொதுதானே? உள்ள வாங்க அக்கா. நீங்க அந்தக் கார்ப் பசங்களோட வந்தவங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பாவம், வெயில்ல உக்காந்திருக்காங்க. தினமும் கறிபஃப் குடுத்தனுப்பறேன். பச்சைக் கண்ணாடி போட்ட தம்பிக்கு மிளகாய் ஒத்துக்கல, அவருக்கு மட்டும் தனியாப் பண்றேன்."

டீ வந்தது. பெயர் விவகாரம் முழுவதும் ஒரு கோப்பை டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. கால் விவகாரம் அதற்கும் முன்னாலேயே: முரட்டுக் கிடா ஒன்று முழங்காலில் முட்டியிருக்கிறது. பயிற்சி முகாம் எங்கே என்று பார்த்தால் கொல்லைப்புறப் பட்டி.

விடைபெறும்போது அவர் என் முழங்கையைப் பிடித்தார். சிரிப்பு போயிருந்தது.

"வியாழக்கிழமை அவரைப் ப்ளேன் ஏற விடுவாங்களா அக்கா? கார் நிக்கறதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் இல்ல. எத்தனை நாள் வேணா நிக்கட்டும். அவர் போய் அந்தக் கையைப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

நான் மால்பாஸுக்குப் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கிடாவைக்கூட விடவில்லை.

"அனுமதி இல்லாம வீட்டுக்குள்ள போயிருக்கீங்க," என்றார். "போகட்டும். ஆனா பாருங்க, கேட்டதும் தயங்காம பதில் சொல்லியிருக்கா. நல்லாப் பயிற்சி குடுத்திருக்காங்க."

வியாழக்கிழமை பெர்த் விமான நிலையம். தீவிலிருந்து ஓர் அத்தை தொலைபேசியில் பேசியதை வைத்து, மூன்று பேரும் முதன்முறையாக ஒன்றுகூடுகிறார்கள் என்று மால்பாஸ் முடிவு கட்டியிருந்தார். அஸ்மில் வருகிறார், பாக் சுரியா ஒப்படைக்கிறார், நெக் டானில் சட்டை கொண்டு வருகிறார் என்று அத்தை வரிசையாகச் சொன்னார் அல்லவா? ஆகவே நிலையம் முழுக்க எங்கள் ஆட்கள். தரை துடைப்பவர், பூ விற்பவர், பியானோ தூக்குபவர். பியானோவும் இருந்தது. பயணிகளைவிட நாங்கள்தான் அதிகம், உண்மையான துப்புரவுப் பணியாளர் துடைக்க இடமில்லாமல் வெளியே போய் உட்கார்ந்திருந்தார்.

வலது காலை இழுத்தபடி அஸ்மில் வந்தார். கையில் இறைச்சி வைத்த ஐஸ் பெட்டி. பின்னால் அவர் மனைவி, துணியில் சுற்றிய சட்டையோடு. வேறு யாரும் வரவில்லை. மால்பாஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். விமானம் புறப்பட அரைமணிதான் இருந்தபோது, இருவரையும் ஓர் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

"மத்த ரெண்டு பேர் எங்க?"

"யாரு சார்?"

"பாக் சுரியா எங்க?"

"நான்தான் சார்."

"நெக் டானில்?"

"அதுவும் நான்தான். இவளும்தான்."

மால்பாஸ் என் பக்கம் சாய்ந்து, மரியாதை கலந்த குரலில் முணுமுணுத்தார்: "பார்த்தீங்களா? கூட்டாளிங்களைக் காட்டிக்குடுக்க மாட்டேங்கறான். எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கறான்."

அஸ்மில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கத்தவில்லை, கெஞ்சவில்லை. தொழிலாளியின் பெரிய கைகள் இரண்டும் மேசை மேல் இருந்தன.

"சார், சனிக்கிழமை என் மகளுக்கு நிக்காஹ். நான் போகலைன்னா மாப்பிள்ளை யார் கையைப் பிடிப்பான்? திரும்பி வந்ததும் நீங்க எத்தனை பேர்னு சொல்றீங்களோ அத்தனை பேராவும் நான் வந்து உக்காந்துக்கறேன்."

"அந்த ரெண்டு பேரும் கிடைச்ச அடுத்த நிமிஷம் நீங்க தாராளமாப் போகலாம்," என்றார் மால்பாஸ், தன் பெருந்தன்மையில் தானே நெகிழ்ந்து.

அதாவது உலகம் முடியும்வரை இல்லை. வெளியே விமானத்துக்குக் கடைசி அழைப்பு கொடுத்தார்கள். உண்மையை டீயோடு சொல்லிப் பார்த்தாயிற்று, தொலைபேசியில் சொல்லிப் பார்த்தாயிற்று, இப்போது மேசைக்கு எதிரே காலும் கையுமாக உட்காரவைத்தும் காட்டியாயிற்று. அந்த மண்டைக்குள் உண்மைக்கு நுழைவு அனுமதி இல்லை. பொய்க்கு இருக்கும் என்று தோன்றியது. மால்பாஸை நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"டாக்டர், நான் ஒரு முட்டாள்."

"சொல்லுங்க, ஹெஸ்டர்," என்றார், அனுதாபமாக.

"மூணு பேரு இருக்காங்கங்கறது இப்பத்தான் எனக்குப் புரியுது. இவனை இங்க பிடிச்சு வைச்சா மத்த ரெண்டு பேரும் காத்தாப் பறந்துடுவாங்க. போக விட்டா? அது சின்னத் தீவு. ஒளிய இடம் கிடையாது. மூணு பேரும் ஒரே கூரைக்குக் கீழ வந்துதானே ஆகணும்?"

அவர் யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்ப்பது, மாடு கண்ணாடி பார்ப்பதைப் பார்ப்பது போல.

"ஆனா அவங்க இந்த ப்ளேன்ல ஏறலையே. எப்படிப் போவாங்க?"

"ஏற்கெனவே போயிருப்பாங்க. படகுல."

அவர் கண்கள் அகன்றன. பல வருடங்களாக அந்தச் சொல்லை யாராவது தன்னிடம் சொல்லமாட்டார்களா என்று காத்திருந்த கண்கள்.

"என்ன மாதிரிப் படகு?"

"தார் பூசினது, டாக்டர்."

விமானத்தை நிறுத்திவைக்கச் சொல்லி அவரே ஓடினார். பின்தொடர்ந்து போக ஆள் வேண்டுமே என்று என்னையும் ஏற்றிவிட்டார். அலுவலகம் தந்த செங்கல் போன்ற செயற்கைக்கோள் தொலைபேசி ஒன்று என் பையில். பறக்கும்போது அஸ்மிலின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப தீவுல நான் மூணு பேராத் தெரியணுமா?"

"தெரியவேண்டாம். நான் எண்ணிக்குவேன்."

"சாப்பாடு மட்டும் ஒருத்தருக்குத்தான் போடுவாங்க," என்றார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, சொல்லவேண்டிய வார்த்தைகளை உதட்டுக்குள் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

விமானம் இறங்குகிற வெஸ்ட் தீவிலிருந்து படகேறி, அவர்கள் ஊர் இருக்கும் ஹோம் தீவுக்குப் போனோம். சனிக்கிழமை ஊரே கல்யாண வீட்டில் இருந்தது. நான் சோற்றுக்கும் நல்ல மீனுக்கும் பக்கத்தில் எனக்கொரு கண்காணிப்பு நிலையம் அமைத்துக்கொண்டேன். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, அஸ்மில் மாப்பிள்ளைக்கு எதிரே மண்டியிட்ட நேரம் பார்த்துத் தொலைபேசி அலறியது. வெளியே வந்து ஜன்னலோரம் நின்று எடுத்தேன்.

"அஸ்மில் அங்க இருக்கானா?"

"இருக்கார், டாக்டர்."

"பாக் சுரியா?"

"இருக்கார்."

"நெக் டானில்?"

"ரெண்டு பேர் இருக்காங்க."

எதிர்முனையில் மூச்சு நின்று பிறகு ஓடியது. "ரெண்டா? அப்ப மொத்தம் நாலு. ஹெஸ்டர், இது நான் நினைச்சதைவிடப் பெரிசு. இன்னும் ஒரு குழு கேட்டு எழுதணும்." தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. எழுதட்டும். நாற்பது பேர் என்று எழுதட்டும். அந்த மனிதரின் பேனா ஓடிக்கொண்டிருக்கும்வரை நிஜமான பயங்கரவாதி எவனாக இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம், அது வேறு விஷயம்.

உள்ளே அஸ்மில், மாப்பிள்ளையின் கையை இறுகப் பிடித்தார். ஒரே மூச்சில் சொன்னார். மாப்பிள்ளையும் ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்டான். சரியாகச் சொன்னான் என்று பெரியவர்கள் தலையசைத்தார்கள். கை விடுபட்ட பிறகும் அஸ்மிலின் கை கொஞ்ச நேரம் அங்கேயே காற்றில் நின்றது.

"இப்ப என்ன பண்றாங்க?" என்றார் மால்பாஸ்.

"கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொன்னாங்க, டாக்டர்."

"ஒப்பந்தமா? முடிஞ்சுதா?"

"நல்லபடியா முடிஞ்சுது. அழறார்."

"யாரு அழறது?"

"மூணு பேரும்," என்றேன்.